கேள்வி கேட்டால் ஏதாவது வாங்கணும்

2018 மார்ச் 10, சனிக்கிழமை. நைரோபி விமான நிலையத்தில் மதுரைக்காரன் மூன்றாவது தடவையாகத் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தான். 22 வரவேண்டும், 21லேயே நின்றது. காணாமல்போனவர் சற்றுத் தள்ளி ஒரு மேசையருகே நின்று, வழியில் வாங்கிய சாக்லேட்டுகளை டியூட்டி ஃப்ரீ பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார். கென்யாவில் முந்தைய ஆகஸ்ட் 28 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை. மீறினால் 40 லட்சம் ஷில்லிங் வரை அபராதம், அல்லது நான்கு ஆண்டு வரை சிறை. மாணவர்களுக்கு அனுப்பிய குறிப்பில் இதைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தவன் மதுரைக்காரன்தான். அவனுடைய பெட்டியின் அடியில் அம்மா கட்டிக்கொடுத்த பருப்புப்பொடி இரண்டு பிளாஸ்டிக் கவருக்குள் பத்திரமாக இருந்தது என்பது அப்போதுதான் அவன் நினைவுக்கு வந்தது. (மூன்று மாதம் கழித்துத் தமிழ்நாடும் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை அறிவித்தது. அம்மா போனில் சொன்ன முதல் வாக்கியம்: "இனிமே பொடியை எதுலடா கட்டுறது?")

வெளியே செய்தித்தாள் கடையில் எல்லா முதல் பக்கத்திலும் ஒரே படம். அதிபர் உஹுரு கென்யாட்டாவும் எதிர்க்கட்சித் தலைவர் ரைலா ஒடிங்காவும் முந்தைய நாள் ஹராம்பி மாளிகைப் படிக்கட்டில் கைகுலுக்கியிருந்தார்கள். அந்தக் கைகுலுக்கலுக்காக மதுரைக்காரன் ஆறு மாதமாகக் காத்திருந்தான் என்றால் மிகையில்லை. 2017 ஆகஸ்டில் தேர்தல், செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது, அக்டோபரில் மறுதேர்தல், ஜனவரியில் ஒடிங்கா தானே 'மக்கள் அதிபர்' என்று பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டது. ஒவ்வொன்றுக்கும் அவன் படித்த வணிகப் பள்ளியின் பயணப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வரும். ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் மூன்று பக்கம் பதில் எழுதவேண்டும்.

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் எம்.பி.ஏ. படித்த காலம் அது. வசந்த விடுமுறையில் 'வளரும் சந்தை' ஒன்றுக்குப் படிப்புப் பயணம். இதில் பேராசிரியர் பயணிதான். நடத்துவது இரண்டு மாணவர்கள். எந்த ஊர், எந்த நிறுவனம், யாரைப் பார்ப்பது, எங்கே தங்குவது, யார் சைவம், யாருக்கு வேர்க்கடலை ஆகாது, பேருந்து ஓட்டுநருக்கு மதியச் சாப்பாடு யார் கணக்கில் என்பதெல்லாம் அவர்கள் தலையில். கல்யாண வீட்டில் பந்தி பார்த்த அனுபவம் உள்ள எவரும் செய்யக்கூடிய வேலை. பந்தி பார்த்தவர்களுக்கு எம்.பி.ஏ.வில் மதிப்பெண் தருவதில்லை என்பதுதான் குறை.

இந்த மாதிரிப் பயணம் வணிகப் பள்ளிகளில் 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு சூடுபிடித்தது. வகுப்பறைக்குள்ளேயே தலைவர்களைத் தயாரித்துவிட்டோம் என்ற நம்பிக்கை அப்போது கொஞ்சம் ஆட்டம் கண்டிருந்தது. 2012 ஜனவரியில் ஹார்வர்ட் தன் முதலாண்டு மாணவர்கள் சுமார் 900 பேரையும் ஒரே நேரத்தில் வளரும் நாடுகளுக்கு விமானம் ஏற்றியது. மற்றப் பள்ளிகள் சும்மா இருக்குமா?

'வளரும் சந்தை' என்ற பெயருக்கே ஒரு கதை உண்டு. 1981இல் உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கழகத்தில் இருந்த அன்டுவான் வான் அக்ட்மேல், ஏழை நாட்டுப் பங்குகளில் பணம் போட ஒரு நிதித் திட்டத்தோடு நியூயார்க் முதலீட்டாளர்கள் முன் போய் நின்றார். திட்டம் நன்றாயிருக்கிறது, 'மூன்றாம் உலகம்' என்ற பெயரில் எவனும் வாங்கமாட்டான் என்றார்கள். யோசித்து அவர் கண்டுபிடித்த புதுப் பெயர்தான் 'வளரும் சந்தைகள்'. சரக்கு அதே சரக்கு, லேபிள் மட்டும் வேறு. மதுரைக்காரனுக்கு இது புதிதில்லை. ஊரில் அவன் அப்பா கடையில் 'நாட்டுச் சர்க்கரை'யைப் பாக்கெட் போட்டு 'பிரவுன் சுகர்' என்று எழுதியதும் விலை ஏறியதைப் பார்த்து வளர்ந்தவன்.

உடன் நடத்துபவள் நைரோபிக்காரி. லிமுருவில் பிறந்து, நைரோபியில் வங்கி வேலை பார்த்து, எம்.பி.ஏ.வுக்கு வந்தவள். "என் நாட்டுக்கு 22 பேரைக் கூட்டிப்போகப் போகிறேன், கூட ஒரு வெளியாள் வேண்டும்" என்று அவள்தான் அவனைப் பிடித்தாள். வெளியாள் என்றாலும் பாதி உள்ளாள். வகுப்பில் அமெரிக்கர்கள் விசா கட்டணம் 51 டாலரை ஆன்லைனில் கட்டிவிட்டுப் போய்த் தூங்கினார்கள். அவனோ அமெரிக்காவுக்குத் திரும்பி வர வெளிநாட்டு மாணவர்களுக்கான ஐ-20 படிவத்தில் கையெழுத்து வாங்கி, அதன் நகலை மூன்று இடத்தில் வைத்து, பயணம் முழுக்க இடுப்பில் ஒரு பையில் கட்டிக்கொண்டு திரிந்தான். வளரும் சந்தையைப் பார்க்கப் போன குழுவில் அதிகக் காகிதம் சுமந்தவன் வளரும் சந்தையிலிருந்து வந்தவன்தான்.

*

முதல் சண்டை கிளம்புவதற்கு முன்பே வந்துவிட்டது. கிபெராவைப் பார்க்கவேண்டும் என்று வகுப்பில் பெரும்பான்மை. ஆப்பிரிக்காவின் மிகப்பெரிய சேரி, பத்து லட்சம் பேர் வாழ்கிறார்கள் என்று எல்லோரும் எங்கேயோ படித்திருந்தார்கள். நைரோபிக்காரி 2009 மக்கள்தொகைக் கணக்கைத் திரையில் போட்டாள். சுமார் 1,70,000. "ஆறு மடங்கு ஏழைகளைச் சேர்த்துச் சொன்னால்தான் உங்களுக்குப் பயணச் செலவு நியாயமாகத் தெரியும், இல்லையா?" அறையில் சத்தமில்லை. வேடிக்கை பார்க்க மனிதர்கள் வாழும் தெருவுக்குப் பேருந்தில் போவதில்லை என்பது அவள் முடிவு.

மதுரைக்காரன் அவளோடு முழுசாக ஒத்துப்போகவில்லை. அதற்குக் காரணம் அவன் அப்பாவின் கடை.

மதுரை அண்ணா நகரில் அரவிந்த் கண் மருத்துவமனைக்கு நடந்துபோகும் தூரத்தில் அவன் அப்பாவுக்கு ஒரு பலசரக்குக் கடை. 1976இல் பணி ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை அது. காசு உள்ளவர் கொடுப்பதை வைத்தே இல்லாதவருக்கு இலவசமாகக் கண்புரை அறுவைச் சிகிச்சை செய்ய முடியும் என்று கணக்குப் போட்டுக் காட்டிய இடம். 1992இல் அரோலேப் தொடங்கி, கண்ணுக்குள் வைக்கும் லென்சையும் மதுரையிலேயே தயாரித்தார்கள். 1993இல் ஹார்வர்ட் இதைப் பாடமாக எழுதியது. அதன்பின் உலகத்து மாணவர்கள் வரிசையாக மதுரைக்கு வந்தார்கள். அண்ணா நகர்ப் பிள்ளைகளுக்கு மீனாட்சி கோயில் வெள்ளைக்காரர்கள் வேறு, ஆஸ்பத்திரி வெள்ளைக்காரர்கள் வேறு. முதல் வகை கேமராவோடு வரும். இரண்டாம் வகை நோட்டுப் புத்தகத்தோடு வரும்.

அவன் மூன்றாம் வகுப்போ நான்காம் வகுப்போ படித்தபோது அந்த இரண்டாம் வகையில் ஒருவர் கடைக்குள் நுழைந்தார். சரம் சரமாகத் தொங்கிய ஒரு ரூபாய் ஷாம்புப் பாக்கெட்டுகளைப் பார்த்து அசந்துபோய் நின்றார். ஒரு நாளைக்கு எத்தனை போகும், யார் வாங்குவார்கள், பாட்டில் ஏன் வாங்குவதில்லை, கடன் உண்டா, கடனை எதில் எழுதுகிறீர்கள்? கூட வந்த கல்லூரிப் பையன் மொழிபெயர்க்க, அப்பா முக்கால் மணி நேரம் பதில் சொன்னார். வந்தவர் அப்பாவைக் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நிறுத்திப் படமும் எடுத்துக்கொண்டார். அனுப்புவதாகச் சொன்ன படம் வரவேயில்லை.

அப்பாவுக்கு இதில் அவமானம் எதுவும் இல்லை. "அமெரிக்காக்காரன் என் கடையைப் படம் பிடிச்சிட்டுப் போனான்" என்று வருஷக்கணக்கில் வாடிக்கையாளர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மனத்தாங்கல் ஒன்றே ஒன்றுதான்: "அம்புட்டுக் கேள்வி கேட்டான்டா. ஒரு கடலை மிட்டாயாவது வாங்கினானா?"

இதைக் கேட்டு நைரோபிக்காரி சிரித்து ஓய ஐந்து நிமிடம் ஆனது. பிறகு பயண விதிகள் பட்டியலில் அவளே கடைசி வரியாகச் சேர்த்தாள். யாரிடம் கேள்வி கேட்கிறீர்களோ அவரிடம் ஏதாவது வாங்கவேண்டும். கிபெரா கிடையாது, கடை உண்டு. (மூன்று பேர் விதியை மீறி ஒரு மதியம் தனியே வழிகாட்டி வைத்துக் கிபெரா போய் வந்தார்கள். அவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர்களும் இரவு உணவில் அதைப் பற்றிப் பேசவில்லை.)

*

நைரோபியில் பார்த்த பெரிய அலுவலகங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எந்த ஊரிலும் அவை ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. கண்ணாடிக் கதவு, குளிர்ந்த தண்ணீர், 40 படங்கள் கொண்ட ஒரு உரை. விஷயம் இருந்தது கவாங்வாரே பக்கம் ஒரு பச்சைப் பலகைக்குக் கீழே, நான்கடிக்கு ஆறடிக் கடையில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம்தான்.

போன் வழியாகப் பணம் அனுப்பும் எம்-பெசாவைப் பற்றி மாணவர்கள் எல்லாம் படித்திருந்தார்கள். 2005இல் குறுங்கடன் வாங்கியவர்கள் தவணையைப் போன் வழியாகக் கட்டட்டும் என்று பிரிட்டிஷ் அரசின் உதவிப் பணத்தோடு செய்த வெள்ளோட்டம். ஆனால் ஆட்கள் அதைத் தவணை கட்டுவதைவிட ஒருவருக்கொருவர் பணம் அனுப்பவே பயன்படுத்தினார்கள். கென்யாவின் தொலைபேசி நிறுவனமான சஃபாரிகாம் அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு 2007 மார்ச்சில் 'வீட்டுக்குப் பணம் அனுப்பு' என்ற விளம்பரத்தோடு நாடெங்கும் இறக்கியது. வங்கிக் கணக்கே இல்லாதவர்கள் பணம் அனுப்பப் பழகினார்கள். பெசா என்றால் சுவாஹிலியில் பணம். நம் பைசாவின் சொந்தம் என்கிறார்கள். கடைக்காரர் 'வகாலா', முகவர். இந்தச் சொல்லும் நம் ஊர் 'வக்காலத்'தும் ஒரே அரபு வீட்டுப் பிள்ளைகள். அந்த விவரத்தை மதுரைக்காரன் பேருந்தில் பெருமையாக அறிவித்தபோது ஒருவரும் கைதட்டவில்லை.

ஆலோசனை நிறுவனத்தில் வேலை பார்த்து வந்த மாணவர் ஒருவர் அந்தப் பெண்ணிடம் முதல் கேள்வியைப் போட்டார்: அடுத்த மூன்று ஆண்டில் இந்தத் தொழிலை எங்கே கொண்டுபோகத் திட்டம்? அவள் மேசை மேலிருந்த போனைப் பார்த்தாள். "சாயங்காலம் நாலு மணி வரைக்கும் ஃப்ளோட் தாங்கணும். அதுதான் திட்டம்."

அன்று அந்தப் பயணத்தின் உண்மையான வகுப்பு நடந்தது. முகவரிடம் இரண்டு வகைப் பணம் இருக்கிறது. ஒன்று டப்பாவில் உள்ள நோட்டு. இன்னொன்று போனுக்குள் உள்ள இருப்பு. அதன் பெயர்தான் ஃப்ளோட். ஒருவர் பணம் போட வந்தால் நோட்டு கூடும், ஃப்ளோட் குறையும். எடுக்க வந்தால் ஃப்ளோட் கூடும், நோட்டு குறையும். இரண்டில் எது தீர்ந்தாலும் வந்த ஆளைத் திருப்பி அனுப்பவேண்டியதுதான். அந்த ஆள் அடுத்த பச்சைப் பலகைக்குப் போவார், நாளைக்கும் அங்கேயே போவார். நைரோபியில் இருப்பவர்கள் எல்லோரும் ஊருக்கு அனுப்புகிறவர்கள். ஆகவே இங்கே எப்போதும் ஃப்ளோட்தான் தீரும். ஊரில் இருப்பவர்கள் எடுக்கிறவர்கள். அங்கே நோட்டு தீரும். "மேற்கே எங்க ஊர்ல என் அத்தையும் வகாலாதான். அவளுக்குக் காசு போதாது, எனக்கு ஃப்ளோட் போதாது. ரெண்டு பேரும் போன்ல அழுவோம்."

ஃப்ளோட் குறைந்ததும் ஒரு பையன் நோட்டுக்கட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வங்கிக்கு ஓடுவான், வரிசையில் நிற்பான், நோட்டைக் கட்டி ஃப்ளோட்டாக மாற்றுவான். உலகம் வியந்த மின்னணுப் பணம் ஒரு பையனின் கால் வேகத்தில் நின்றுகொண்டிருந்தது. ஒவ்வொரு பரிமாற்றத்தையும் அவள் ஒரு நீள நோட்டிலும் எழுதினாள். வந்தவர் அதில் கையெழுத்துப் போட்டார். அந்த நோட்டைப் பார்த்ததும் மதுரைக்காரனுக்கு அப்பாவின் கடன் நோட்டு ஞாபகம் வந்தது. அதோடு, சில்லறை இல்லாத நாளில் ஐம்பது காசுக்குப் பதில் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்துவிட்டு அவர் அசடு வழிந்ததும். கடைக்காரரின் மூளை பாதி நேரம் சரக்கில் இருப்பதில்லை, சில்லறையில்தான் இருக்கிறது. இது எந்தப் பாடப்புத்தகத்திலும் அவன் படித்ததில்லை. படிக்காமலே தெரிந்திருந்தது.

விதிப்படி 11 பேர் ரீசார்ஜ் கார்டு வாங்கினார்கள். மீதிப்பேருக்குத் தீர்ந்துவிட்டது. அவர்களுக்காக அவள் பக்கத்துக் கடையிலிருந்து ஒரு சரம் மிட்டாய் வரவழைத்தாள். சின்னச் சின்னதாகப் பிரித்து விற்பதற்கு அங்கே 'கடோகோ' என்று பெயர். எண்ணெய் அரைக் குவளை, மார்கரின் ஒரு கரண்டி, சர்க்கரை ஒரு பொட்டலம்.

அன்றிரவு பேராசிரியர் வாயைத் திறந்தார். கோயம்புத்தூரில் பிறந்து மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கற்பித்த சி.கே. பிரகலாத் 2004இல் எழுதிய புத்தகத்தைப் பற்றிப் பேச்சு. பிரமிடின் அடித்தட்டிலும் செல்வம் இருக்கிறது, ஏழையையும் வாடிக்கையாளராக நடத்துங்கள் என்ற வாதம். மதுரை அரவிந்த் அதில் ஒரு அத்தியாயம். அதே பல்கலைக்கழகத்து அனீல் கர்னானி சில ஆண்டுகளில் மறுத்து எழுதினார்: அது கானல்நீர், ஏழையிடம் விற்பதை விடுங்கள், அவன் விளைவிப்பதை வாங்குங்கள். இரண்டும் கேட்டபின் மதுரைக்காரன் சொன்னது, பாக்கெட் ஷாம்பு யோசனைக்கு யாரும் புத்தகம் பார்க்கவில்லை என்பது. கடலூரில் சின்னிகிருஷ்ணன் என்பவர் செய்து பார்த்தார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் சிறு முதலோடு 'சிக்' ஷாம்பு தொடங்கினார். அதுதான் பின்னால் கேவின்கேர். பேராசிரியர்கள் வந்து பெயர் வைத்தது அதற்கும் இருபது வருஷம் கழித்து. நைரோபிக்காரி குறுக்கிட்டாள்: "பெயர் வைத்தவர்களுக்குத்தான் உரைக்குப் பணம் கொடுக்கிறார்கள்."

*

நைரோபியின் கமுகுஞ்சியில் விதி தன் வேலையைக் காட்டியது. 'ஜுவா காலி' என்றால் கடும் வெயில். வெயிலில் உட்கார்ந்து தகரம் தட்டும் கைவினைஞர்களுக்கு அதுவே பெயராகி, பின்பு கென்யாவின் அமைப்புசாராத் தொழில் முழுவதற்கும் பெயராகிவிட்டது. 1980களில் அவர்களுக்குக் கொட்டகை போட்டுக்கொடுத்தார்கள். வெயில் போயிற்று, பெயர் போகவில்லை. ஆயிரம் சுத்தியல் ஒரே நேரத்தில் விழும் இடம். மதுரையில் பாத்திரம் தட்டும் சத்தத்துக்குப் பழகிய காதே கொஞ்சம் கூசும். பழைய எண்ணெய் பீப்பாய் கண்ணெதிரே வாணலியாகிறது, தள்ளுவண்டியாகிறது, விடுதிப் பள்ளிப் பிள்ளைகளின் டிரங்குப் பெட்டியாகிறது.

பாஸ்டனில் முதலீட்டு நிறுவனத்தில் இருந்து வந்த மாணவர் ஒருவர் பெட்டி செய்பவரிடம் உட்கார்ந்துவிட்டார். தகடு எங்கிருந்து, விலை என்ன, ஒரு நாளைக்கு எத்தனை, ஜனவரியில் பள்ளி திறக்கும்போது விற்காதது மிச்ச மாதங்களில் என்ன ஆகும், பூட்டு யார் செய்வது, சாயம் யார் அடிப்பது. பூட்டுக்கு ஒரு ஆள், சாயத்துக்கு ஒரு ஆள், கீலுக்கு ஒரு ஆள், தகடு வெட்ட ஒரு ஆள், எல்லாம் இருபதடிக்குள். அடுத்தவரின் கத்தரிக்கோலை இவர் கேட்காமலே எடுக்கிறார். கணக்கு மாலையில். ஒரு மணி நேரம் கழித்து நைரோபிக்காரி அவர் தோளைத் தட்டினாள். "ஒரு மணி நேரக் கேள்விக்கு வாணலி போதாது."

நீலமும் மஞ்சளும் பூசிய முழு அளவு டிரங்குப் பெட்டி. 2,000 ஷில்லிங். அன்றிலிருந்து குழுவின் 23ஆவது உறுப்பினர் அதுதான். வாங்கிய வாணலிகள், மர அகப்பைகள், பனையோலைக் கூடைகள், ரீசார்ஜ் கார்டுகள் எல்லாம் அதற்குள் போயின. பேருந்தில் தனி இருக்கை. மதுரைக்காரன் தலை எண்ணும்போது அதையும் சேர்த்து எண்ணினான்.

லிமுருவில் தேயிலை பார்த்தார்கள். கென்யாவில் முதல் தேயிலைச் செடி 1903இல் நடப்பட்ட ஊர். இன்று நாட்டின் தேயிலையில் பெரும்பகுதி ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிகளுடையது. அவர்களின் கூட்டமைப்பில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். நாலரைக் கிலோ பச்சை இலை போட்டால் ஒரு கிலோ தூள். இலைக்கு மாதா மாதம் ஒரு தொகை, ஆண்டு முடிவில் 'போனஸ்'. கல்யாணம், கூரை, பள்ளிக் கட்டணம் எல்லாம் அந்த இரண்டாவது தொகையை எதிர்பார்த்துத்தான். தோட்டத்து மூதாட்டி எல்லோருக்கும் பாலில் கொதித்த சாயா கொடுத்தார். மாணவர்கள் கேட்ட கேள்விகளுக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிட்டு அவர் கேட்டது ஒன்று: "இந்தத் தூள் உங்க ஊர்ல என்ன விலை?" அமெரிக்கர்கள் போனை எடுத்துத் தேடினார்கள். ஒரு டப்பா விலையை ஷில்லிங்கில் மாற்றிச் சொன்னபோது அவர் எதுவும் சொல்லாமல் குவளைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நைரோபிக்காரி பின்னாலேயே போய்க் கழுவிக்கொடுத்தாள். திரும்பும் வழியில் மதுரைக்காரனிடம் மட்டும் சொன்னாள், அவர் தன் பாட்டியின் தங்கை என்று. ஏன் முன்பே சொல்லவில்லை? "சொன்னால் கேள்வி கேட்கமாட்டார்கள். படம்தான் எடுப்பார்கள்."

மொம்பாசாவுக்கு ரயில். 472 கிலோமீட்டர்; சீனக் கடனில் சீன நிறுவனம் கட்டி, 2017 மே 31இல் திறந்தது. புறப்படும் முன் எல்லோர் பெட்டியையும் வரிசையாக வைத்து மோப்ப நாய் பார்க்கும். டிரங்குப் பெட்டி அருகே நாய் இரண்டு முறை நின்றது. பருப்புப்பொடியை முந்தைய இரவே வாணலிகளுக்கு நடுவே மாற்றி வைத்திருந்தவன் வானத்தைப் பார்த்துக்கொண்டான். சாவோவில் செம்மண் பூசிய யானைகள் ஜன்னலில் தெரிந்தன. 1896 முதல் பிரிட்டிஷார் இந்தியாவிலிருந்து சுமார் 32,000 கூலியாட்களைக் கொண்டுவந்து போட்ட பழைய தண்டவாளமும் இதே வழிதான். ஏறக்குறைய 2,500 பேர் வேலையிலேயே இறந்துபோனார்கள். 1898இல் சாவோ சிங்கங்கள் தூக்கிப்போனவர்களைப் பற்றித்தான் உலகம் பேசும். காய்ச்சலிலும் விபத்திலும் போனவர்கள் கதையில் இல்லை. கடன் கொடுத்த சீனாவைப் பற்றி ரயில் பெட்டிக்குள் அன்று பெரிய விவாதம். குழுவில் இருந்த ஒரே சீன மாணவி காதில் பாட்டைப் போட்டுக்கொண்டு யானைகளை மட்டும் பார்த்தாள்.

மொம்பாசா தேயிலை ஏலம் அப்போது இன்னும் வாய்விட்டுக் கூவும் ஏலம். பத்து நாட்டுத் தேயிலை அங்கே வருகிறது, டாலரில் விலை, பாகிஸ்தான்தான் பெரிய வாடிக்கையாளர். ஒரு தொகுதி விற்க மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை. சுவைப்பவர் கரண்டியால் உறிஞ்சித் துப்பும் சத்தம் பக்கத்து அறையில். லிமுரு மூதாட்டியின் கூரையும் கல்யாணமும் இந்தச் சத்தத்தில்தான் தீர்மானமாகின்றன. மதுரைக்காரனுக்கு ஒரு வெட்கம் உள்ளுக்குள் இருந்தது. வீட்டிலிருந்து ஒரு பகல் தூரத்தில் குன்னூரில் தேயிலை ஏலம் நடக்கிறது. அவன் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

*

கடைசி மூன்று நாள் மாசாய் மாரா வனவிலங்குக் காப்பகம். அதற்காகத்தான் பாதிப்பேர் பெயரே கொடுத்திருந்தார்கள். மொம்பாசா விடுதியில் காலைச் சாப்பாட்டின்போது ஓட்டுநர் போனைக் காட்டினார். மாராவுக்குப் போகும் மாய் மஹியு-நாரோக் சாலையைக் குறுக்கே பிளந்துகொண்டு ஒரு பள்ளம். பல கிலோமீட்டர் நீளம், ஆளை விழுங்கும் ஆழம். சில நாளில் உலகச் செய்திகள் ஆப்பிரிக்கக் கண்டமே இரண்டாகப் பிளக்கிறது என்றன. அந்த மார்ச்சில் கொட்டிய மழை, பழைய வெடிப்பை நிரப்பியிருந்த எரிமலைச் சாம்பலை அடித்துக்கொண்டு போனதுதான் காரணம் என்று நிலவியலாளர்கள் பலர் சொன்னது அவ்வளவு தூரம் பரவவில்லை. ஓட்டுநருக்கு இரண்டும் முக்கியமில்லை. சாலையில் லாரிகள் எத்தனை கிலோமீட்டருக்கு நிற்கின்றன என்பதுதான் அவர் கேள்வி. மாரா ரத்து. முன்பணம் பாதிதான் திரும்பி வந்தது. மதுரைக்காரன் அன்றிரவு 22 பேரிடமும் தனித்தனியாகத் திட்டு வாங்கினான். ஊரில் பந்தியில் பாயசம் தீர்ந்துபோன இரவு மாதிரி இருந்தது.

அடுத்த நாள் நைரோபிக்குத் திரும்பி, நகரத்தை ஒட்டிய தேசியப் பூங்காவுக்குப் போய்ச் சிங்கத்தைக் காட்டிச் சமாதானம் செய்தார்கள். பின்னால் வானளாவிய கட்டடங்கள் தெரிய, சிங்கம் கொட்டாவி விட்டது.

அப்படியும் ஒன்றரை நாள் மிச்சம். நைரோபிக்காரி எல்லோருடைய போனையும் கேட்டாள். பயணம் முழுக்க எடுத்த மனிதர்களின் படங்களை மட்டும் பிரித்தாள். பொறுக்கி எடுத்ததில் 31 தேறின. ரிவர் ரோடு பக்கம் ஒரு ஸ்டூடியோவில் காகிதத்தில் அச்சடித்தாள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாதா என்றார் ஒருவர். "சுவரில் எப்படி மாட்டுவது?" அதற்குமேல் அவள் விளக்கவில்லை. மதுரைக்காரனைப் பார்க்கவும் இல்லை.

லிமுருவுக்கான உறையை அவள் தம்பி வாங்கிப்போனான். கமுகுஞ்சியில் பெட்டிக்காரர் தன் படத்தைத் தகடு வெட்டுபவருக்கும் பூட்டுக்காரருக்கும் காட்டி, எல்லோரும் சேர்ந்து நிற்கும் படம் ஏன் எடுக்கவில்லை என்று கோபித்துக்கொண்டார். டிரங்குப் பெட்டி பாஸ்டன் போகும் என்று கேட்டதும், கீலில் இன்னும் இரண்டு ஆணி அடிக்கவேண்டும், கொண்டுவாருங்கள் என்றார், காசு வாங்கவில்லை.

கவாங்வாரே கடைக்குப் போனபோது மணி நான்கு தாண்டியிருந்தது. ஃப்ளோட் தீர்ந்து, பையன் வங்கிக்கு ஓடியிருந்தான். அந்தப் பெண் உறையைப் பிரித்துப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பச்சைப் பலகை, நீள நோட்டு, பின்னால் தொங்கும் மிட்டாய்ச் சரம், நடுவில் அவள். பிறகு மதுரைக்காரனிடம் திருப்பி நீட்டினாள்.

"அன்னைக்குத் தலை சரியா வாரலை. இது வேண்டாம்."

மேசைக்கடியிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடியை எடுத்து, முடியை ஒதுக்கி, உதட்டுச் சாயத்தைச் சரிசெய்து, நோட்டை நேராக வைத்து, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ம், இப்ப எடு. நாளைக்குள்ள வந்துடுமா?"

விமானம் நாளை காலை. நைரோபிக்காரி வாயைத் திறக்கும் முன் அவன் "வந்துடும்" என்றான். படம் எடுத்தான். அப்புறம், என்ன வாங்குவது என்று கடையைச் சுற்றிப் பார்த்தான்.